பழைய ஆடம்பர வாட்ச் அசலா? காசு கொடுக்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: சார், 1970 வாக்கில் வந்த ரோலெக்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. பெட்டி, பேப்பர் எல்லாம் இருக்கிறதாம், நம்பலாமா?

பதில்: பெட்டியும் பேப்பரும் தனியாகவே விலைக்குக் கிடைக்கின்றன, அதில் மயங்காதீர்கள். ஸ்ட்ராப்பைக் கழற்றச் சொல்லுங்கள். அந்தக் கால ரோலெக்ஸில் 12 மணிப் பக்கம் மாடல் எண்ணும் 6 மணிப் பக்கம் சீரியல் எண்ணும் வாட்சின் உலோகக் கூட்டிலேயே (கேஸ்) சுத்தமான கோடுகளாக வெட்டியிருக்கும், சொரசொரப்பாக அரித்த மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம் பின்மூடியைத் திறந்து மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் சாக்கு சொன்னால் கிளம்பிவிடலாம்.

கேள்வி: அதே வாட்ச்தான் சார். டயலின் அடியில் ‘டி ஸ்விஸ் டி’ என்று இருக்கிறது, இருட்டில் ரொம்ப நேரம் பளிச்சென்று ஒளிர்கிறது. நல்லதுதானே?

பதில்: அதுதான் இடிக்கிறது. ‘டி’ என்றால் டிரிட்டியம், இருட்டில் ஒளிர்வதற்காக அப்போது பூசிய கதிரியக்கப் பொருள். சுமார் 12 வருடத்துக்கு ஒருமுறை அது பாதியாகிவிடும், ஆக 1970-ல் பூசியதில் இன்று பத்தில் ஒரு பங்குகூட மிச்சமிருக்காது. டார்ச் அடித்தால் ஒரு நொடி மின்னி அணையலாம், அதற்கு மேல் ஒளிர்ந்தால் பிற்காலத்தில் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள், இல்லையென்றால் டயலே வேறு. முள்ளின் பூச்சும் டயலின் பூச்சும் ஒரே மாதிரி பழுத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி: அண்ணே, ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், 1967 என்கிறார். மெஷினில் 861 என்று இருக்கிறது.

பதில்: 861 என்ற மெஷின் வந்ததே 1968-ல், அதற்கு முன் 321 என்ற மெஷின். ஒன்று வருடம் பொய், இல்லை மெஷின் மாறியிருக்கிறது. மூடியின் உள்பக்கம் மாடல் எண் 145.022 என்றிருந்தால் 861 பொருந்தும், 105.012 என்றிருந்தால் பொருந்தாது. இப்படி உதிரிகளை ஒட்டுப்போட்ட வாட்சில் ஒவ்வொரு பாகமும் அசலாகவே இருக்கும், அதனால்தான் போலியைவிட இதில் ஏமாறுவது சுலபம்.

கேள்வி: கம்பெனியிலேயே சான்று வாங்க முடியாதா?

பதில்: பட்டேக் பிலிப் போன்ற சில கம்பெனிகள் பழைய பதிவேட்டைப் பார்த்துத் தருகின்றன, ரோலெக்ஸ் தருவதில்லை. அந்த எண்ணில் ஒரு வாட்ச் எப்படித் தயாரானது என்பதைத்தான் அது சொல்லும். உங்கள் கையில் இருப்பதன் டயல் மாறியிருந்தால் பதிவேட்டுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: செகண்டு முள் வழுக்கி ஓடினால் அசல்தானே?

பதில்: மலிவான ஆட்டோமேட்டிக்கிலும் அப்படித்தான் ஓடும்.

கேள்வி: போட்டோ அனுப்பினால் சொல்வீர்களா அண்ணே?

பதில்: அனுப்புங்கள், ஆனால் முகப்பு மட்டும் போதாது. மெஷின், மூடியின் உள்பக்கம், ஸ்ட்ராப் கழற்றிய இடத்து எண்கள், மூன்றும் தெளிவாக வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அனுப்புங்கள்.