இரண்டு கிலோ மிளகாய்த்தூளும் ஒரு விசுவாசப் பயணமும்

கேள்வி: நான் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. வருகிற ஒக்டோபரில் ஒரு செமெஸ்டர், அதாவது நாலு மாதம், ரோமாபுரியில் விசுவாசமும் திருச்சபை வரலாறும் படிக்கப் போகிறேன். உடுப்பு, மருந்து, பிளக், இரண்டு கிலோ மிளகாய்த்தூள் என்று பட்டியல் போட்டு எல்லாம் கட்டியாயிற்று. ஆனால் புறப்பட முன்னர் ‘என் விசுவாசப் பயணம்’ என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். எழுத ஒன்றுமில்லை. இங்கே நான் பார்த்ததெல்லாம் மெழுகுதிரி, நேர்த்தி, நெரிசல். வெறும் சடங்கு. உண்மையான விசுவாசத்தை அங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு எப்படித் தயாராவது?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பிள்ளை, பிளக்கையும் மிளகாய்த்தூளையும் பிறகு பார்ப்போம். “எழுத ஒன்றுமில்லை” என்ற இடத்தில்தான் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப வாசித்தேன். லூசியா பேராலயத்தின் மணிச்சத்தம் கேட்கிற தூரத்தில் வளர்ந்த பிள்ளை எழுதுகிற வசனமா இது?

நீங்கள் வெட்கப்படுகிற அந்தச் சடங்கிலிருந்தே தொடங்குவோம். ரோமாபுரியில் லாத்தரன் பேராலயத்துக்குப் பக்கத்தில் ஸ்காலா சாந்தா என்று ஒரு படிக்கட்டு இருக்கிறது. 28 பளிங்குப் படிகள். பிலாத்துவின் முன் நிற்க இயேசு ஏறிய படிகள் என்பது மக்கள் நம்பிக்கை. அதில் நடந்து ஏற முடியாது, முழங்காலில்தான் ஏற வேண்டும். பேதுரு பேராலயத்துக்குள் போனால், பேதுருவின் வெண்கலச் சிலையில் கால் விரல்கள் மழுங்கித் தேய்ந்திருக்கும். நூற்றாண்டுக் கணக்காக வந்தவர் போனவர் எல்லாம் தொட்டும் முத்தி செய்தும் தேய்த்தவை. வடக்கே பாதுவாவுக்குப் போக வாய்த்தால், நம்முடைய அந்தோனியாரின் நாக்கையே பேழையில் வைத்து வணங்குவதைப் பார்ப்பீர்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் சுரூபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆச்சி செய்வது வெறும் சடங்கு என்றால், இவர்கள் செய்வதற்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள்? அந்தப் படியில் முழங்காலில் நிற்கிற படத்தைப் போட்டு ‘மெய்சிலிர்த்தது’ என்று நீங்கள் எழுதப் போவதை இப்போதே என்னால் பார்க்க முடிகிறது. எழுதுங்கள், பிழையில்லை. ஆச்சிக்கும் அதே சிலிர்ப்புத்தான் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

நான் சைவக்காரன். சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை அம்மா என்னைக் காலையில் செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலுக்குக் கூட்டிப்போய், விபூதி காய முன்னரே அந்தோனியாரிடம் நடத்திக்கொண்டு போனா. “இரண்டு பேரிடமும் சொல்லி வைப்பம், ஒருவர் மறந்தாலும் மற்றவர் பார்ப்பார்” என்பது அவவின் கணக்கு. இறையியல் படித்தவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிக்கலாம். ஆனால் அன்று வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றது வெள்ளைச் சேலை கட்டிய சிங்கள பௌத்த அம்மா ஒருவர், பின்னால் ஒரு துறைமுகத் தொழிலாளி. இத்தனை வேற்று மதத்தவரை ஒரு கத்தோலிக்கக் கோயில் செவ்வாய் தோறும் உள்ளே விடுகிறதே, அது எப்படி நடக்கிறது? ரோமாபுரி வகுப்பில் உங்கள் பேராசிரியர் ஆவலோடு கேட்கக்கூடிய கேள்வி இது. பதில் உங்கள் வீட்டிலிருந்து நடை தூரத்தில் இருக்கிறது. நீங்களோ அதற்கு நெரிசல் என்று பெயர் வைத்துவிட்டீர்கள்.

அடுத்தது யோசப் வாஸ். பெயர் தெரியும், படம் தெரியும். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது போய் நின்றிருப்பார்கள். அதற்கு மேல்? ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலத்தில், 1687 இல், கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் இந்த நாட்டுக்குள் வந்தவர். தமிழும் சிங்களமும் கற்று, இரவோடிரவாக வீடு வீடாகப் போய்ப் பூசை வைத்தவர். 1711 இல் கண்டியில் இறந்தார். அவர் சேர்ந்திருந்த கோவா ஒரட்டோரியன் சபைக்கு மூலம், ரோமாபுரியில் பிலிப் நேரி தொடங்கிய சபை. நேரியின் கல்லறை அங்கே கியேசா நுவோவா என்ற கோயிலில் இருக்கிறது. ஒன்றும் தெரியாமல் போனால் அது நீங்கள் பார்க்கிற நாற்பதாவது கோயில். தெரிந்துகொண்டு போனால், உங்கள் பாட்டன் பூட்டன் காலத்து விசுவாசம் எந்த வாசலிலிருந்து புறப்பட்டது என்று பார்த்த மாதிரி இருக்கும்.

இன்னொன்றுக்கும் நீங்கள் தயாராகவில்லை. இலங்கை என்றதும் அங்கே உங்களிடம் முதலில் கேட்கப் போவது 2019 ஏப்ரல் 21 பற்றித்தான். உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடைக் கோயிலில் குண்டு வெடித்தபோது என்ன நடந்தது, நீ எங்கே இருந்தாய், மன்னித்துவிட்டாயா, முஸ்லிம் அயலவரோடு இப்போது பேசுகிறாயா என்றெல்லாம் கேட்பார்கள். “மன்னிப்பே கிறிஸ்தவம்” என்று மனப்பாடமாக ஒப்பிக்காதீர்கள். அந்த ஞாயிறு உங்கள் ஒழுங்கையில் யார் யார் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை, அடுத்த வாரங்களில் நீங்கள் எந்தக் கடைக்குப் போகாமல் விட்டீர்கள், ஜூன் 13 திருவிழாவுக்கு முன்னர் கோயிலைத் திரும்பத் திறந்தபோது உள்ளே காலெடுத்து வைக்க அம்மாவுக்கு மனம் வந்ததா? இதையெல்லாம் வீட்டில் கதைத்திருக்கிறீர்களா? என் ஊகம், இல்லை. ஒருவரும் கதைக்காமல் ஒதுக்கி வைத்த பேச்சு அது. முன்பின் அறியாத ஓர் ஊரில் முதன்முதலாக வாய் திறந்து அழுவதைவிட, போக முன்னர் ஒரு தடவை அம்மாவோடு இருந்து கதைப்பது நல்லது. ‘விசுவாசப் பயணம்’ கேட்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் வாசிக்கிறவர்கள், பிள்ளை. “சிறு வயது முதல் ஞாயிறு தவறாமல்” என்று தொடங்குகிற தாளை மூன்றாவது வரியில் மூடிவிடுவார்கள்.

மொழி விஷயமும் உண்டு. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பொனில் 1913 இல் பிறந்தவர். கொழும்புக் குருமடத்தில் இருந்துவிட்டு ரோமாபுரிக்குப் படிக்கப் போய் 1938 இல் குருவானார். தமிழ் இலக்கியத்தை அவர் முறையாகப் பாடம் கேட்டது அதற்குப் பிறகுதான், தமிழ்நாட்டு வடக்கன்குளத்தில், ஒரு பண்டிதரிடம். அப்படிக் கற்றதால்தான், 1679 இல் அச்சான தமிழ்-போர்த்துக்கேய அகராதியின் பிரதி வத்திக்கான் நூலகத்தில் கிடைத்தபோது அதன் பெறுமதி அவருக்குத் தெரிந்தது. 1966 இல் அதை மறுபடி பதிப்பித்தார். நீங்கள் அகராதி தேட வேண்டாம். தமிழில் முழுசாக ஒரு செபமாலை சொல்லத் தெரியுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில்தான் வருகிறது என்றால் அம்மம்மாவிடம் ஒரு வாரம் போய் இருங்கள்.

விடுமுறை கிடைத்தால் சிசிலியில் பலேர்மோவுக்குப் போய் வாருங்கள். அங்கே குடியேறிய நம் ஈழத்தமிழர், சைவர்களும் சேர்த்து, மொந்தே பெல்லெக்ரினோ மலை ஏறிப் புனித ரோசலியாவைக் கும்பிடுகிறார்கள். கொச்சிக்கடைச் செவ்வாய்க்கிழமை கடல் கடந்து போயிருக்கிற அழகைப் பார்க்கலாம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுங்கால விசா 180 நாளில் 90 நாளுக்குத்தான் செல்லும். நாலு மாதத்துக்கு அது போதாது, இத்தாலியின் நீண்டகால டி வகை மாணவர் விசா வேண்டும். போய்ச் சேர்ந்து 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான படிவ உறை தபாலகத்தில் கிடைக்கும். பேதுரு பேராலயத்துக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு கட்டாயம். புதன்கிழமைப் பாப்பரசர் சந்திப்புக்கு நுழைவுச்சீட்டு இலவசம், தெருவில் நின்று விற்கிறவனிடம் காசு கொடுத்து ஏமாறாதீர்கள்.

மிளகாய்த்தூள் இரண்டு கிலோ அதிகம். தெர்மினி ரயில் நிலையத்துக்குக் கிட்ட, பியாத்சா வித்தோரியோப் பக்கம் ஆசியக் கடைகள் இருக்கின்றன. அரைக் கிலோவோடு நிறுத்திவிட்டு, மிச்ச இடத்தில் இன்னொரு ஸ்வெட்டர் வையுங்கள். ஜனவரியில் அங்கே நல்ல குளிர்.