அழுதவர் எதிரில் இருந்தார்

வணக்கம்.

தன் உடலை அறியாதவரால் அடுத்தவரை அறிய முடியாது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த நாளிலிருந்து, எட்டு மாதமாக, தினமும் காலையில் அமர்ந்து உச்சி முதல் பாதம் வரை உடலைக் கவனித்து வருகிறேன். இப்போது நாடியைத் தொடாமலேயே என் இதயத்துடிப்பை எண்ண முடிகிறது. ஆனால் போன வாரம், வேலை போய்விட்ட நண்பர் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து அழுதார். நானோ என் நெஞ்சு இறுகுவதையும் தொண்டை வறள்வதையும் கவனித்துக்கொண்டிருந்தேன். “கேக்கறியா?” என்று அவர் கேட்டபோதுதான் அவர் பேசி முடித்ததே தெரிந்தது. முதலில் நம்மை முழுதாக அறிந்துகொண்டு, அதன் பிறகுதான் பிறரிடம் போக வேண்டுமா? எந்தப் பயிற்சி முறை இதற்கு ஏற்றது? துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் உதவுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடிகாரம் வேண்டாம். எந்தப் பயிற்சி உயர்ந்தது என்ற பேச்சுக்கும் நான் வரவில்லை.

துடிப்பை எண்ண முடிகிறது என்பதை ஒரு தேர்ச்சியாகச் சொல்கிறீர்கள். உளவியலாளர் ரைனர் ஷாண்ட்ரி 1981இல் இப்படி எண்ணச் சொல்லும் சோதனை ஒன்றை வெளியிட்டார். பிறகு பல ஆய்வுக்கூடங்களில் அது புழக்கத்துக்கு வந்தது. ஆனால் தன் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடிக்கும் என்று தெரிந்த ஒருவர், உள்ளே எதையுமே உணராமல் ஏறத்தாழ சரியான எண்ணைச் சொல்லிவிடலாம். அந்தச் சோதனை மீது இந்தக் குறை நெடுநாளாக உண்டு. இதை இத்தோடு விடுவோம்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ‘முதலில்’ என்ற சொல். முதலில் நான், அப்புறம் பிறர். இந்த வரிசையை உங்களுக்கு யார் சொன்னார்கள்? என் பழைய வரிதான் காரணம் என்றால் அது என் பிழை. சில மாதங்களாக அந்த வரி என்னையும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. பசியா, குளிரா, வயிற்றில் காற்றா, தூக்கமா, அதற்குத் தெரியாது. உள்ளே எங்கோ தாங்க முடியாத தொல்லை, அவ்வளவுதான். யாரோ வாரி எடுத்துத் தோளில் போட்டு முதுகைத் தட்டுகிறார்கள். ஏப்பம் வந்ததும் “அப்பாடா, இதுக்குத்தானா?” என்கிறார்கள். இப்படி எத்தனையோ முறை நடந்த பிறகுதான் பசி வேறு, வலி வேறு, பயம் வேறு என்று அதற்குள் பிரிகிறது. நம் உடலை நமக்கு முன்பே ஒருவர் படித்துச் சொல்லியிருக்கிறார். அந்தக் கைகள் இல்லாமல் நீங்கள் இன்று கவனிக்கும் ‘உள்ளே’ என்ற ஒன்று உருவாகியிருக்காது.

பேச்சையே பாருங்கள். வயிறு எரிகிறது, அடிவயிறு கலங்குகிறது, ரத்தம் கொதிக்கிறது, உச்சி குளிர்கிறது. இவற்றில் ஒன்றையாவது கண்ணை மூடித் தனியே உட்கார்ந்து கண்டுபிடித்தீர்களா? யாரோ சொல்லக் கேட்டு, ‘ஆமாம், எனக்கும் அங்கேதான்’ என்று கண்டுகொண்டவை அல்லவா? நகை, அழுகை தொடங்கி உவகை வரை எட்டைச் சொல்லும் தொல்காப்பியம் அவற்றுக்கு மெய்ப்பாடு என்று பெயர் வைத்திருக்கிறது. மெய்யில் பட்டு வெளியே தெரிவது. பார்க்க இன்னொருவர் இருக்கிறார் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

என் அம்மா பக்கவாதத்தில் பேச்சை இழந்து, வலப்பக்கம் செயலற்றுப் படுத்திருந்த மாதங்களில் நான்தான் உடனிருந்தேன். ஒரு நாள் இரவு ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியை உதட்டருகே கொண்டுபோகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது முறை, “என்னதான் வேணும் உனக்கு?” என்று கத்திவிட்டேன். பேச முடியாதவளிடம்.

அந்தக் கத்தலுக்குப் பிறகுதான் என்னைக் கவனித்தேன். தாடை இறுகிப் பல் பல்லோடு அழுந்தியிருந்தது. தோள் காதுவரை ஏறியிருந்தது. மூச்சை எப்போது பிடித்தேன் என்றே தெரியவில்லை. விட்டேன். தோள் இறங்கியது. அப்போதுதான் அவளுடைய இடது கை கண்ணில் பட்டது. போர்வையின் ஓரத்தைப் பிடிப்பதும் விடுவதும், பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. எவ்வளவு நேரமாக அப்படிச் செய்துகொண்டிருந்தாளோ. அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நேராக்கியதும் பையில் இறங்கத் தொடங்கியது. அவள் நெற்றிச் சுருக்கம் மெல்ல மெல்ல விரிந்தது. நான் கரண்டியைக் கையில் பிடித்தபடியே அழுதுகொண்டிருந்தேன்.

என் தோளைக் கவனிக்க எனக்கு இரண்டு நொடி ஆகியிருக்கும். அங்கேயே தங்கி அதை ஆராய்ந்துகொண்டிருந்தால் குழாய் மடங்கியேதான் கிடந்திருக்கும். நீங்கள் தங்கிவிட்டீர்கள், எஸ். கோபமாகவே சொல்கிறேன். எதிரில் ஒரு மனிதர் உடைந்து அழும்போது உங்கள் தொண்டை வறட்சிக்கு எதற்கு அத்தனை மரியாதை? உங்கள் நெஞ்சு இறுகியது அவரால். அவரிடமிருந்து வந்த சேதியை உங்கள் சொந்தச் சொத்தாக எடுத்து வைத்துக்கொண்டீர்கள்.

சேதி என்று சும்மா சொல்லவில்லை. மூளை ஆய்வாளர் டானியா சிங்கர் குழுவினர் 16 ஜோடிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வை 2004இல் வெளியிட்டார்கள். பெண்ணின் மூளையை ஸ்கேன் செய்தபடி, ஒருமுறை அவர் கையிலும் ஒருமுறை பக்கத்தில் இருந்த துணைவர் கையிலும் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். துணைவருக்கு வலிக்கிறது என்று அறிந்தபோதும், தனக்கு வலிக்கும்போது வேலை செய்யும் இன்சுலா என்ற மூளைப் பகுதியின் முன்பக்கம் அவருக்குள் வேலை செய்தது. நம் உள்ளுறுப்புகளின் நிலை உணர்வாகும் இடங்களில் இன்சுலா முக்கியமானது. ஆனால் கையில் எந்த இடத்தில், எப்படிப்பட்ட வலி என்று காட்டும் பகுதிகள் சும்மா இருந்தன. நோவு வந்து சேர்ந்தது, விவரம் வரவில்லை. விவரத்தை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

உங்கள் வேலையும் போய்விடுமோ என்ற பயத்தில்கூட நெஞ்சு இறுகியிருக்கலாம். அது குற்றமில்லை. ஆனால் எது என்று தனியே உட்கார்ந்து கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். அவரிடம் போங்கள். “நீ அழுதப்போ எனக்கு நெஞ்ச அடைச்சிருச்சு, என்ன சொல்றதுன்னு தெரியல. மறுபடி சொல்லு” என்று கேளுங்கள். அவர் கோபப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும், உட்கார்ந்திருங்கள்.

நாளைக் காலையே போங்கள், நீங்கள் வழக்கமாகக் கண்ணை மூடி அமரும் அந்த நேரத்தில்.