கொடுத்தவருக்கும் பசிக்க வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 38. கல்லீரல் சுருங்கிப்போன என் கணவருக்கு ஏழு வாரம் முன்பு என் ஈரலின் வலது பாகத்தைக் கொடுத்தேன். அவர் தேறிவிட்டார், ராத்திரி பதினோரு மணிக்கும் எழுந்து டப்பாவைத் துழாவுகிறார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. நாலு வாய்க்கு மேல் வயிறு அடைத்துக்கொள்கிறது, தாளிக்கிற வாசனைக்கே குமட்டுகிறது. 58 கிலோ இருந்தவள் 53-க்கு வந்துவிட்டேன். "நோயாளி அவன், உனக்கென்ன?" என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா கீழாநெல்லியும் சீந்தில் கஷாயமும் குடிக்கச் சொல்கிறார். சாப்பிடாததால் என் ஈரல் வளராமல் போய்விடுமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
- கரூர் வாசகி

பதில்: கூச்சத்தை முதலில் ஓரமாக வையுங்கள். வலது பாகம் என்றால் மொத்த ஈரலில் ஏறக்குறைய 60 சதவீதம். அதைக் கொடுத்துவிட்டு ஏழாவது வாரத்தில் அடுப்படியில் நின்று தாளித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஆபரேஷன் ஆனவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவருக்குத்தான் நோயாளி என்ற பெயர் கிடைத்திருக்கிறது. ஈரல் வார்டில் உணவு ஆலோசகராக இருந்த காலத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கியவருக்கு என்ன சமைக்கலாம் என்று பக்கம் பக்கமாகக் குறித்துக்கொள்வார்கள், கொடுத்தவருக்கு என்ன என்று கேட்பவர்கள் குறைவு.

ஈரல் பயத்துக்கு வருகிறேன். பசிக்கவில்லை என்பதால் அது வளரவில்லை என்று அர்த்தமில்லை. முதல் சில வாரங்களிலேயே வேகமாக வளர்ந்து, மூன்று மாதத்தில் பழைய அளவை நெருங்கிவிடும். எப்படி வளர்கிறது என்பதை ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சொல்லும், உங்கள் நாக்கு சொல்லாது. ஆனால் வளர்கிற உறுப்புக்கும் ஆறுகிற தையலுக்கும் புரதம் வேண்டும். உணவில் வராவிட்டால் உடம்பு சதையிலிருந்து எடுத்துக்கொள்ளும், குறைந்த ஐந்து கிலோவில் அதுவும் இருக்கலாம். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவமனைக்குப் போன் போட்டு எடைக் கணக்கைச் சொல்லிவிடுங்கள்.

பசி ஏன் போனது? வயிற்றைத் திறந்து செய்த பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு இரைப்பையும் குடலும் பழைய வேகத்துக்கு வர நாளாகும். வலி மாத்திரை இன்னும் தொடர்ந்தால் குமட்டலும் மலச்சிக்கலும் அதனாலும் வரலாம், மூன்று நாள் மலம் போகாத வயிற்றில் எதுவும் இறங்காது. இன்னொன்று, வலது பாகத்தை எடுக்கும்போது பித்தப்பையையும் சேர்த்து எடுப்பதுதான் வழக்கம். பலருக்கு இது வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் சீட்டைப் படிக்கும்போதுதான் தெரியும். அதனால் சிலருக்குக் கொஞ்ச காலம் எண்ணெய் மிதக்கும் குழம்பும் பொரித்ததும் உப்புசம் தரும். கணவருக்குப் பசிப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு மாத்திரையின் வேலை. அவரோடு உங்களை ஒப்பிடவே வேண்டாம்.

அப்புறம், சமையல். நல்ல உடம்போடு இருக்கும்போதே சமைத்தவளுக்குப் பசி எடுக்காது, வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடும். இப்போது கேட்கவே வேண்டாம். மாமியாரோ வேறு யாரோ ஒரு மாதத்துக்குக் கரண்டியைப் பிடிக்கட்டும், அந்த நேரத்தில் நீங்கள் வாசல் பக்கம் காற்றாட உட்காருங்கள். அரிசிப் பானை, மாவு கிரைண்டர், தண்ணீர்க் குடம் எதையும் தூக்காதீர்கள், தையல் போட்ட இடத்தில் குடல் பிதுங்கினால் இன்னொரு ஆபரேஷன். மாமியார் முகம் சுளித்தால் இந்தப் பக்கத்தை மடித்து டீவி மேல் வைத்துவிடுங்கள், படிப்பார்.

சாப்பாட்டில் முதலில் மாற்ற வேண்டியது தட்டு. பெரிய தட்டில் மலையாகச் சோறு இருந்தால் பார்த்ததுமே வயிறு மூடிக்கொள்ளும். பிள்ளைகள் சாப்பிடும் சின்னத் தட்டை எடுங்கள். பசிக்காகக் காத்திருக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்து இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை நாலைந்து வாய் போதும். பலருக்குக் காலையில்தான் வயிறு கொஞ்சம் ஒத்துழைக்கும், அப்படியென்றால் கனமான சாப்பாட்டைக் காலைக்கு மாற்றுங்கள். மத்தியானம்தான் சோறு என்று எந்தச் சட்டமும் இல்லை. சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

நம் வீடுகளில் ஆபரேஷன் என்றாலே பத்தியம், ரசம் சாதம், கஞ்சி. எனக்கும் ரசம் பிடிக்கும். ஆனால் பசியில்லாத வயிற்றில் இருக்கிற கொஞ்ச இடத்தையும் அது அடைத்துக்கொள்ளும், புரதம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. இந்த நேரத்தில் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும், உங்களுக்கு நாளைக்கு 65 முதல் 80 கிராம். பயப்படாதீர்கள், ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவு, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, நூறு கிராம் மீனில் 20. எழுந்ததும் பாலில் சத்துமாவு, எட்டு மணிக்கு ஒரு இட்லியும் மிளகு தூவிய அவித்த முட்டையும், பத்தரைக்கு ஒரு கிண்ணம் சுண்டல், இப்படிப் பிரித்தால் மத்தியானத்துக்குள் பாதி தூரத்தை நெருங்கிவிடுவீர்கள். சூடாக ஆவி பறந்தால்தான் வாசனை மூக்கில் ஏறும். அதனால் ஆறியதைச் சாப்பிடுங்கள். தயிர்சாதம் நல்ல தோழி, தயிரில் இரண்டு ஸ்பூன் பால்பவுடர் கலந்து பிசைந்தால் அளவு கூடாமல் சத்து கூடும். பருப்புப் பொடி சாதமும் இறங்கும், நெய் ஒரு சொட்டு போதும். வாய் கசந்தால் சாப்பிடும் முன் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வையுங்கள்.

அந்த ஊறுகாய் உங்களுக்கு மட்டும். மாற்றி வைத்த ஈரலை உடம்பு ஒதுக்கிவிடாமல் காக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையைக் கணவர் சாப்பிடுகிறவர் என்றால் பம்ப்ளிமாஸ் பழம் அவருக்கு வேண்டவே வேண்டாம், மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். நார்த்தங்காயையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

கஷாயம் இரண்டுமே வேண்டாம். சீந்தில் குடித்து ஈரல் வீங்கி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். கீழாநெல்லியை நான் பழிக்கவில்லை, ஆனால் பாதி ஈரல் வளர்ந்துகொண்டிருக்கும்போது எதையும் பரிசோதித்துப் பார்க்கும் நேரம் இதுவல்ல. அக்காவிடம் "டாக்டர் திட்டுவார்" என்று சொல்லிவிடுங்கள், யாருக்கும் மனவருத்தம் இருக்காது.

காய்ச்சல், கண் மஞ்சள், மூத்திரம் கட்டன்காபி நிறத்தில் போவது, மலம் வெளுப்பது, வயிறு வீங்குவது, குடித்த தண்ணீரும் வெளியே வருவது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இன்னொன்றும் கேட்கிறேன். சாப்பாடு மட்டும்தானா பிடிக்கவில்லை, அல்லது எதுவுமே பிடிக்கவில்லையா? தூக்கம் போய், காரணமில்லாமல் அழுகை வந்தால் அதையும் அதே போனில் சொல்லுங்கள். உறுப்பு கொடுத்தவர்களுக்கு அது வருவதுண்டு, வைத்தியமும் உண்டு.

படுக்கப் போகும் முன் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பதினோரு மணிக்கு அவர் டப்பாவைத் துழாவ எழும்போது உங்களுக்கும் ஒரு தம்ளர் பால் ஆற்றித் தரச் சொல்லுங்கள். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், அவரே ஆற்றட்டும்.