கேமரா மூலை: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜூன் மாதம் கன்னியாகுமரியில் என் நண்பர் எடுத்த படத்தில் திருவள்ளுவர் சிலைக்குச் சரியாகப் பின்னால் சூரியன் எழுகிறது. அவர் நின்ற இடத்தைக் கேட்டுக்கொண்டு டிசம்பர் கடைசியில் போய் நின்றேன். சூரியன் சிலையை விட்டு வெகுவாக வலப்புறம் தள்ளி எழுந்தது. எங்கே தவறு?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: உங்கள் தவறு எதுவும் இல்லை, மாதம்தான் மாறிவிட்டது. சூரியன் நேர்கிழக்கில் உதிப்பது மார்ச் 20, செப்டம்பர் 23-ஐ ஒட்டிய சில நாள்கள்தான். கன்னியாகுமரியில் ஜூன் 21 வாக்கில் அது நேர்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி வடக்கே உதிக்கும், டிசம்பர் 21 வாக்கில் அதே அளவு தெற்கே. கையை முழுக்க நீட்டி விரல்களை விரித்துப் பிடியுங்கள். அந்த ஒரு சாண் வானத்தில் சுமார் 20 டிகிரி. ஜூனுக்கும் டிசம்பருக்கும் நடுவில் இரண்டு சாணுக்கு மேல் சூரியன் நகர்ந்துவிடுகிறது. ஆகவே ஜூனில் நின்ற இடத்திலிருந்து டிசம்பரில் கரையோரமாக வடக்கே தள்ளிப் போய் நின்றால்தான் சிலையும் சூரியனும் ஒரே கோட்டில் வரும்.

எவ்வளவு தூரம் தள்ளி என்பதை முந்தின நாள் சாயங்காலமே பார்த்து வைத்துவிடுங்கள். போனில் உள்ள திசைகாட்டியை மட்டமாகப் பிடித்து, டிசம்பருக்குச் சிலை 114 டிகிரியில் தெரியும் வரை நடக்க வேண்டும் (திசைகாட்டியில் நேர்கிழக்கு 90). ஜூனுக்கு அது 66. நான் கரைச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு வருவேன். விடியற்காலை இருட்டில் அந்தக் கோடுதான் துணை. ஒன்று முக்கியம்: காந்தம் வைத்த போன் கவரைக் கழற்றிவிடுங்கள். அதைக் கழற்றாமல் முள் தப்பாகக் காட்டி, ஒரு ஜனவரி உதயத்தை நான் முழுசாக இழந்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கேள்வி: சூரியன் உதித்த பின் ஒரு மணி நேரம் பொன்னிற வெளிச்சம் இருக்கும் என்கிறார்கள். எனக்கு அரை மணியிலேயே வெளிச்சம் வெளுத்துவிடுகிறதே?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அந்தக் கணக்கு ஐரோப்பாவுக்குச் சரி. அங்கே சூரியன் சாய்வாக ஏறும், நம் ஊரில் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறும். விளிம்பு எட்டிப் பார்த்ததிலிருந்து முழு வட்டமும் கடலை விட்டு விலக இரண்டு நிமிடம் சொச்சம்தான். 25 நிமிடத்தில் ஆறு டிகிரி உயரம் போய்விடும், அதன் பிறகு நிழல்கள் கடுமையாகிவிடும். உதயத்துக்கு முந்தைய சிவப்பும் நமக்கு 20 நிமிடம் சொச்சம்தான்; லண்டனில் ஜூன் மாதம் அது முக்கால் மணி நேரம்.

அதனால் உதயத்துக்கு 45 நிமிடம் முன்பே முக்காலியை ஊன்றிவிடுங்கள். என் மனசுக்கு, சூரியன் வந்த பிறகு கிடைக்கும் படங்களைவிட வருவதற்குப் பத்து நிமிடம் முன் கிடைக்கும் படங்களே அழகு. ஈர மணலில் வானம் அப்படியே இறங்கியிருக்கும்.

தினசரி காலண்டரில் உள்ள உதய நேரம் எந்த ஊருக்கு என்று பாருங்கள். ஜூன் மூன்றாம் வாரம் சென்னையில் 5.43-க்கு உதயம், கன்னியாகுமரியில் 6.04. டிசம்பரில் அந்த இடைவெளி இரண்டு மூன்று நிமிடமாகச் சுருங்கிவிடும்.

கேள்வி: கன்னியாகுமரியில் உதயம், அஸ்தமனம் இரண்டையும் கடலிலேயே எடுக்க எப்போது போகலாம்?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: டிசம்பர், ஜனவரி. அப்போது சூரியன் தென்மேற்கே சாய்ந்து கடலில் இறங்கும். மே, ஜூனில் வடமேற்கே, கரை நிலத்தின் பக்கம் போய்விடும். சித்ரா பௌர்ணமி அன்று போனால் மேற்கே சூரியன் இறங்கும் நேரத்தில் கிழக்கே நிலா எழும். அன்று கூட்டம் தாங்காது, மத்தியானமே இடம் பிடித்துவிடுங்கள்.