அப்பாவின் ஸ்குவாட்ரன் நண்பர்களை எப்படித் தேடுவது?

கேள்வி: என் அப்பா 1971 போரின்போது பதான்கோட் விமானப்படைத் தளத்தில் என்ஜின் ஃபிட்டராக இருந்தார். இப்போது 78 வயது. கூட வேலை பார்த்தவர்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறார். எங்கே தொடங்குவது? அவர்கள் நினைவுகளை எப்படிப் பதிவுசெய்வது?
– திருச்சி வாசகி

பதில்: எல்லோரும் கூடுவதற்கு மண்டபம் பார்க்கக் கிளம்பாதீர்கள், முதலில் பீரோவைத் திறங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அப்பாவின் சர்வீஸ் நம்பரும் ட்ரேடும் (பார்த்த தொழிற்பிரிவு) இருக்கும். அது முக்கியம். ஏனென்றால், அப்பா சொல்லும் பெயர்கள் ‘நாயர்’, ‘சர்தார்’ என்றுதான் இருக்கும். பதான்கோட்டில் எத்தனை நாயர்களோ! ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) எண், ட்ரேடு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்ற மூன்றும் சேர்ந்தால்தான் ஆள் பிடிபடுவார்.

இந்த விவரத்தோடு விமானப்படைச் சங்கத்தின் கிளையையும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் அணுகுங்கள். பிறர் முகவரியைக் கேட்காதீர்கள், தர மாட்டார்கள். உங்கள் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். என் அனுபவத்தில் இவற்றைவிட வேகமாக வேலை செய்வது முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்-இன் பாலிகிளினிக்கில் இருக்கும் காத்திருப்பு பெஞ்சுதான்.

பதிவு விஷயத்தில் ஒன்றைப் பிடிவாதமாகச் சொல்வேன்: எல்லோரையும் கூட்டுவதற்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசவைத்துப் பதிவுசெய்துவிடுங்கள். கூட்டத்தில் குரல் பெரியவர் சொல்வதே எல்லோருடைய நினைவாகவும் ஆகிவிடும். அதற்குப் பிறகு கேட்டால் நான்கு பேரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்.

“போர் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருந்தது” என்று முடித்துவிடுவார். கை செய்த வேலையைக் கேளுங்கள். 1971 டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் பதான்கோட், அமிர்தசரஸ், ஸ்ரீநகர் தளங்களைத் தாக்கியபோது அப்பா எங்கே நின்றார், கையில் என்ன இருந்தது? விளக்கை அணைத்த பிறகு எந்த வெளிச்சத்தில் என்ஜினைப் பார்த்தார்? திரும்பி வந்த விமானத்தை மறுபடி அனுப்ப எவ்வளவு நேரம் பிடித்தது? விமானிகளுக்காவது பறந்ததைக் குறித்துவைக்கும் லாக்புக் இருக்கிறது. தரையில் நின்றவர்களின் போர் பெரும்பாலும் இப்படிக் கேட்டால்தான் வெளியே வரும்.

பழைய நண்பரோடு பேசும்போது அப்பா படைக் குடியிருப்பில் பழகிய ‘பாரக் இந்தி’க்குத் தாவினால் தடுக்காதீர்கள். தமிழில் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

புகைப்படங்களை ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம், அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரை ஊரைச் சொல்லிவிடும். இடமிருந்து வலமாகப் பெயர்களைத் தனித்தாளில் எழுதிவையுங்கள். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், இல்லாவிட்டால் படம் சுருங்கிவிடும்.

ஒருவர் எண் கிடைத்தாலும் போதும். டிசம்பர் 16 வெற்றி தினம் வரட்டும் என்று தள்ளிப்போடாமல், எண் கிடைத்த அன்றைக்கே வீடியோ காலில் பேச வையுங்கள். ஜெட் இரைச்சலில் பல வருடம் நின்றவர்களுக்குக் காது மந்தமாக இருக்கலாம். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று பார்த்து அந்தப் பக்கம் ஸ்பீக்கரை வையுங்கள். இருவரிடமும் சொல்லிவிட்டு இன்னொரு போனில் பதிவுசெய்யுங்கள். முதல் பத்து நிமிடம் பிரஷர், சுகர், பேரன் வேலை என்றுதான் போகும். பதிவை நிறுத்திவிடாதீர்கள்.