தொற்றுநோய் ஆராய்ச்சி: டாக்டர் சீட் கிடைக்காத பிள்ளைக்கு அங்கே இடம் உண்டா?

மகளுக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை, பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடிக்கப்போகிறாள், தொற்றுநோய் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். வேலை கிடைக்குமா, நோய் தொற்றிக்கொள்ளாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை உண்டு. ஆபத்தும் உண்டு, ஆனால் கட்டுக்குள் வைக்கக்கூடியது. அதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்: இந்த வேலையில் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியுமா? பல பிள்ளைகள் வெள்ளைக் கோட்டையும் மைக்ராஸ்கோப்பையும் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். பெரும்பகுதி நேரம் போவது நோயாளியிடம் பேசுவதிலும், பேசியதை எழுதுவதிலும், எழுதியதைச் சரிபார்ப்பதிலும்தான். அது பிடித்தால் இந்தத் துறை பிடிக்கும்.

டாக்டர் ஆகாதவர் இங்கே எடுபிடிதான் என்ற பயத்தை முதலில் விடுங்கள். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பலன் தருகிறதா என்று பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு 1948-இல் வெளியானது. இன்றைய மருந்தாய்வுகளுக்கெல்லாம் அதுதான் முன்மாதிரி. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் 4 பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதைச் சமவாய்ப்பு முறையில், அதாவது யாருடைய விருப்பத்துக்கும் விடாமல் குலுக்கல்போல, பிரிக்க வழிசெய்த ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் ஒரு புள்ளியியலாளர். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு, தனக்கே காசநோய் வந்ததால் முடியாமல்போய், அஞ்சல்வழியில் பொருளாதாரம் படித்தவர்.

சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு இன்னும் நல்ல உதாரணம். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கும் மருத்துவமனை) தங்கிச் சிகிச்சை பெற்றார்கள், இன்னொரு பிரிவினர் வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டார்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது. கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. முடிவு 1959-இல் வெளியானது. நோயாளிகளை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்திருக்கும் வழக்கம் உலகெங்கும் கைவிடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். ஆனால் வீட்டில் இருப்பவர் மாத்திரையை விழுங்கினாரா, பரணில் போட்டாரா என்பது தெரியாவிட்டால் அந்த முடிவுக்கு மதிப்பே இல்லை. அதனால் முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இதுபோன்ற வேலையைத் தாங்குகிறவர்கள் களப்பணியாளர்களும் செவிலியர்களும் ஆய்வக ஊழியர்களும்.

பி.எஸ்சி. முடித்தவருக்கு முதலில் திறக்கும் கதவு மருந்தாய்வு ஒருங்கிணைப்பாளர் வேலை. வந்த நோயாளி ஆய்வுக்குத் தகுதியானவரா என்று பார்ப்பது, விவரம் சொல்லி ஒப்புதல் வாங்குவது, குறித்த நாளில் மறுபடி வரவைப்பது, மருந்துக் கணக்கு வைப்பது, பக்கவிளைவைப் பதிவது எல்லாம் இதில் வரும். தப்பு நடக்கும் இடங்களும் வழக்கமானவைதான். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், ஆய்வுக்கான ரத்தத்தை எடுத்துவிடுவார்கள். பங்கேற்பவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழு புதிய படிவத்துக்கு அனுமதி தந்திருக்கும், மேசையில் பழைய கட்டு இருக்கும், அதிலேயே கையெழுத்து வாங்கியிருப்பார்கள். நோயாளி 28-ஆம் நாள் மறுபடி வர வேண்டும், இரண்டு நாள் முன்பின் போகலாம் என்று ஆய்வுத் திட்டத்தில் இருக்கும். அவர் 33-ஆம் நாள் வருவார். இவை ஒவ்வொன்றும் விதிமீறலாகப் பதிவாக வேண்டும். பங்கேற்பவர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டாலோ இறந்தாலோ, தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்குத் தகவல் போய்ச்சேர வேண்டும் என்பது பெரும்பாலான ஆய்வுகளில் உள்ள விதி. ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளிப்போட முடியாது.

ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள். ரத்த அழுத்தத்தை 120 என்று எழுத வேண்டிய இடத்தில் 210 என்று எழுதிவிட்டால் ஒயிட்னர் தடவக்கூடாது, மேலே அழுத்தி எழுதவும் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். பழைய எண் படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், திருத்திய தேதி, தேவைப்பட்டால் காரணம். தணிக்கைக்கு வருகிறவர் ஒரு பக்கத்தைப் புரட்டியதுமே அந்த மையத்தின் தரத்தைப் புரிந்துகொள்வது இதில்தான். தன் தப்பு தெரியும்படி விட்டுவைக்க மனம் வராத பிள்ளைக்கு இந்த வேலை கஷ்டம்.

வெளியே சுற்றப் பிடிக்கும் என்றால் கள நோய்ப்பரவலியல் பக்கம் பாருங்கள்; நோய் எங்கே, யாருக்கு, எதனால் பரவுகிறது என்று நேரில் போய்க் கண்டுபிடிக்கும் வேலை. ஓரிடத்தில் வயிற்றுப்போக்கு பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதை 'நோய்' என்று எண்ணுவது என்ற வரையறைதான் முதல் படி: இன்ன தேதிக்குப் பின், இந்தப் பகுதியில், ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் என்பதுபோல. பிறகு ஆள் ஆளாகப் பட்டியல், நாள்வாரியாக வரைபடம், கடைசியில் கணக்கு. ஒரு கிணற்று நீரைக் குடித்த 80 பேரில் 24 பேருக்கு நோய் என்றால் 30 சதவீதம். குடிக்காத 60 பேரில் 3 பேர் என்றால் 5 சதவீதம். குடித்தவர்களுக்கு ஆபத்து ஆறு மடங்கு. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்: நோய் வந்த 27 பேரை மட்டும் விசாரித்து, "24 பேர் கிணற்று நீர் குடித்தவர்கள்" என்று முடித்துவிடுவார்கள். நோய் வராதவர்களில் எத்தனை பேர் குடித்தார்கள் என்று கேட்காவிட்டால் கிணற்றைக் குறைசொல்ல வழியில்லை. இதற்கென்றே பல நாடுகளில் இரண்டாண்டுக் களப்பயிற்சித் திட்டங்கள் இருக்கின்றன; அமெரிக்காவில் 1951-இல் தொடங்கியது இவற்றுக்கு முன்னோடி. வகுப்பு குறைவு, களம் அதிகம். பெரும்பாலும் பணி அனுபவம் உள்ளவர்களையே எடுப்பதால், இதை இரண்டாவது படியாக வைத்துக்கொள்ளலாம்.

மைக்ரோபயாலஜி படித்தவருக்கு ஆய்வகம் பழகிய இடம், அதிகம் சொல்லத் தேவையில்லை. பொறுமை மட்டும் வேண்டும். காசநோய்க் கிருமி திரவ ஊடகத்தில் (கிருமியை வளர்க்கும் சத்துக் கரைசல்) வளரவில்லை என்று அறிவிக்க 42 நாள் காத்திருக்க வேண்டும். நடுவில் வேறு கிருமி கலந்துவிட்டால் அந்த மாதிரி வீண். புள்ளியியலும் தரவு நிர்வாகமும் ஆள் தட்டுப்பாடு உள்ள பகுதி. கணக்கில் பயமில்லை என்றால் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். புள்ளியியல் கணக்குக்கான ஆர் (R) மென்பொருள் இலவசம், வீட்டிலேயே பழகலாம்.

இப்போது உங்கள் பயம். சேரும்போதே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள்: வழக்கமாக 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை, முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு. பலர் ஊசியோடு நின்றுவிடுகிறார்கள், அளவைப் பார்ப்பதில்லை. காசநோய்ப் பிரிவு என்றால் என்95 முகக்கவசம் கொடுத்தால் மட்டும் போதாது. அவள் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்துத் தர வேண்டும், ஓரத்தில் காற்று புகுந்தால் பயனில்லை. ஊசி குத்திவிட்டால் உடனே சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பதுதான் பெரிய ஆபத்து. "ஊசி குத்தினால் யாரிடம் சொல்ல வேண்டும், ராத்திரி என்றால் மருந்து எங்கே?" என்று நேர்காணலிலேயே கேட்கச் சொல்லுங்கள். தடுமாறும் இடத்தில் சேர வேண்டாம்.

படிப்புக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். வேலை உறுதி என்று சொல்லி விற்கும் சில மாத டிப்ளமாக்கள் நிறைய. அவற்றில் சொல்லித்தரும் நற்செயல்முறை விதிகளுக்கு (மருந்தாய்வை எப்படி நடத்த வேண்டும் என்ற சர்வதேச விதிகள், ஆங்கிலத்தில் ஜி.சி.பி.) இணையத்தில் இலவசப் பயிற்சியும் சான்றிதழும் கிடைக்கின்றன. அந்த விதிகளின் புதிய பதிப்பு 2025 ஜனவரியில் முடிவானது, பழைய பாடத்தை வைத்து நடத்துகிறார்களா என்று கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் அவள் இதைச் செய்து பார்க்கட்டும்: ஒரு ஒப்புதல் படிவத்தை எடுத்து, வீட்டில் அதிகம் படிக்காத பெரியவர் ஒருவருக்குப் புரியும்படி பத்து நிமிடத்தில் சொல்லட்டும். பிறகு இந்தக் கேள்வி: புதிய மருந்தை 300 பேருக்குக் கொடுத்ததில் ஒருவருக்கும் கடுமையான பக்கவிளைவு இல்லை, அப்படியானால் ஆபத்தே இல்லையா? நூறில் ஒருவருக்கு வரக்கூடும் என்பதைக்கூட இந்த எண்ணிக்கையை வைத்து ஒதுக்கிவிட முடியாது. மூன்றை 300-ஆல் வகுத்தால் கிடைக்கும் மேல்வரம்பு அது. "ஏன் மூன்று?" என்று அவள் தேடிப்போனால் எனக்கு நம்பிக்கை வரும்.

பிறகு ஒன்றிரண்டு வருடம் ஏதாவது ஆய்வில் வேலை பார்த்துவிட்டு முதுகலைக்குப் போவதே என் பரிந்துரை. பொதுச் சுகாதாரமா, நோய்ப்பரவலியலா, புள்ளியியலா என்று அதற்குள் அவளுக்கே தெரிந்திருக்கும். ஒன்றை மறைக்க விரும்பவில்லை: தொடக்க வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்தம்தான், ஆய்வுக்கு நிதி இருக்கும்வரை. ஆகவே சேரும் முன்பே நிதி எந்த மாதம் முடிகிறது, இன்னும் எத்தனை நோயாளிகளைச் சேர்க்க வேண்டும், உழைப்புக்குக் கட்டுரையில் பெயர் போடும் வழக்கம் உண்டா என்று கேட்கட்டும். ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அடுத்த இடத்துக்கு விண்ணப்பிக்கத் தொடங்கட்டும். செய்த வேலைகளை, நோயாளி விவரம் எதுவும் இல்லாமல், மாதாமாதம் ஒரு நோட்டில் குறித்துவைத்தால் அந்த விண்ணப்பத்தில் எழுதுவதற்கு ஆதாரம் கையில் இருக்கும்.