சாவி போட்டாலே கம்ப்ரஸர் ஓடுமா?

வண்டி வயரிங்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்குத் திருச்செங்கோடு, சொந்தமாக ஒரு ரிக் வண்டி (லாரி மேல் போர்வெல் போடும் இயந்திரம், அதில் காற்றடிக்கும் கம்ப்ரஸருக்குத் தனி எஞ்சின்) வைத்திருக்கிறேன். லாரியில் ஜிபிஎஸ் பெட்டி மாட்டும்போதே, கம்ப்ரஸர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதும் தெரியட்டும் என்று அதன் எஞ்சினிலிருந்து ஒரு வயர் இழுத்துப் பெட்டியில் கொடுத்தோம். போன வாரம் 450 அடி போர், 5 மணி நேரத்தில் முடிந்த வேலை. செல்போனில் 11 மணி நேரம் காட்டுகிறது. ஷெட்டில் சும்மா நிற்கும்போதுகூட ஆன், ஆஃப், ஆன், ஆஃப் என்று சரமாரியாக வருகிறது. டிரைவர் டீசலில் விளையாடுகிறாரா, பெட்டி கோளாறா?

பதில்: டிரைவரைக் கேட்பதற்கு முன் அந்த வயரைக் கேளுங்கள். அது எங்கிருந்து வருகிறது? அநேகமாக கம்ப்ரஸர் எஞ்சினின் சாவி சுவிட்சிலிருந்துதான் இருக்கும், ஏனென்றால் வயரிங் செய்பவருக்குக் கைக்கு எட்டும் இடம் அது. சாவி திரும்பியிருக்கிறது என்பதை மட்டும்தான் அந்த வயர் சொல்லும். எஞ்சினை நிறுத்திவிட்டு சாவியை அப்படியே விட்டு சாப்பிடப் போனால் அந்த நேரமும் கணக்கில் ஏறிவிடும்.

எஞ்சின் ஓடுகிறதா என்று தெரிய வேண்டுமானால், எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில் சார்ஜ் விளக்குக்குப் போகும் முனையைப் பிடியுங்கள். சாவி போட்டு எஞ்சின் ஓடாதபோது அங்கே ஒன்றிரண்டு வோல்ட்தான் இருக்கும், ஓட ஆரம்பித்ததும் 27, 28 வோல்ட்டுக்கு ஏறிவிடும். மீட்டரை வைத்து சாவி ஆஃப், சாவி ஆன், எஞ்சின் ஓட்டம் என்று மூன்று நிலையிலும் அளந்து ஒரு அட்டையில் எழுதிவிட்டு, அப்புறம் வயரை வெட்டுங்கள். ஆயில் பிரஷர் சுவிட்சிலும் எடுக்கலாம், ஆனால் அது விளக்கு எரியவைக்கும் சுவிட்சாக இருக்க வேண்டும். முள் காட்டும் மீட்டருக்கான சென்சாரில் ஒட்டுப் போட்டால் முள் தப்பாகக் காட்ட ஆரம்பிக்கும்.

அடுத்தது அந்த ஆன்-ஆஃப் சரமாரி. பெட்டிக்குக் கரண்ட் லாரி பேட்டரியிலிருந்து, சிக்னல் கம்ப்ரஸர் எஞ்சினின் தனி பேட்டரியிலிருந்து. இரண்டுக்கும் மைனஸ் ஒழுங்காகச் சேராவிட்டால், பெட்டிக்கு எதை வைத்து வோல்ட்டை அளப்பது என்றே தெரியாது. சேஸிஸ் ஒன்றுதானே என்பார்கள், பெயின்ட்டும் துருவும் நடுவில் இருப்பதை மறந்துவிட்டு. இதற்கு நான் சொல்வது 24 வோல்ட் ரிலே ஒன்று, அதாவது ஒரு பக்கம் உள்ள காயிலுக்குக் கரண்ட் வந்தால் மறுபக்கம் சேரும் சுவிட்ச். காயிலின் 85, 86 கால்கள் கம்ப்ரஸர் பக்கம்: ஒன்று ஆல்டர்னேட்டர் முனைக்கு, மற்றது அந்த எஞ்சினின் மைனஸுக்கு. 30-ஆம் காலுக்கு லாரி பேட்டரியின் பிளஸ், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு. 87-லிருந்து பெட்டியின் இன்புட்டுக்கு. இரண்டு பக்கத்துக் கரண்டும் ஒன்றையொன்று தொடாது. ரிலே திறந்திருக்கும்போது இன்புட் வயர் அந்தரத்தில் தொங்கும், அதனால் அதற்கும் லாரி மைனஸுக்கும் நடுவே ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். இது பிளஸ் வந்தால் ஆன் ஆகும் இன்புட்டுக்கான கணக்கு. சில பெட்டிகளில் மைனஸ் கொடுத்தால்தான் ஆன் ஆகும், சில இன்புட்கள் 24 வோல்ட்டையே தாங்காது, பெட்டியோடு வந்த தாளைப் பாருங்கள்.

காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு போட மறக்காதீர்கள், வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். ரிலே விடும் நொடியில் காயில் திருப்பி அடிக்கும் வோல்ட்டேஜை அது விழுங்கிக்கொள்ளும். இரண்டு ரூபாய் சாமானை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நானே ஒருமுறை விட்டேன், ஒரு வாரத்தில் அந்தப் பெட்டியின் இன்புட் செத்துப்போனது.

இவ்வளவு செய்தாலும் அடிக் கணக்கோடு மணிக் கணக்கு சரியாகப் பொருந்தாது. துளைக்குள் இறங்கும் ராடு மாட்டும்போதும் கேசிங் குழாய் இறக்கும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், துளை இறங்காது. ராடு நுனியில் காற்றால் பாறையை உடைக்கும் சுத்தியல் அடிக்கும் நேரம் மட்டும் வேண்டும் என்றால் காற்றைத்தான் கேட்க வேண்டும். ஒரு பிரஷர் சுவிட்ச் வாங்கி, ராடுக்குக் காற்றுத் திறந்துவிடும் வால்வுக்கு அப்பால் உள்ள குழாயில் மாட்டுங்கள். டேங்கில் மாட்டினால் பிரயோஜனம் இல்லை, லோடு இல்லாதபோதும் ஸ்க்ரூ கம்ப்ரஸர் டேங்கில் காற்று அடைந்துதான் கிடக்கும். உங்களுடையது 300 பி.எஸ்.ஐ. என்றால் அதற்கு மேல் தாங்கும் சுவிட்சாகக் கேட்டு வாங்குங்கள். 100 பி.எஸ்.ஐ. வாக்கில் வைத்து, ஒரு போர் முழுக்கக் கூடவே நின்று பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். பெட்டியில் இரண்டாவது இன்புட் இருந்தால் இதைத் தனியாகக் கொடுங்கள். எஞ்சின் ஓடியது 8 மணி, சுத்தியல் அடித்தது 5 மணி என்று பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் டிரைவரிடம் பேசவும் ஒரு முகாந்திரம் கிடைக்கும்.

வயரை முறுக்கி டேப் சுற்றுகிற வேலை ரிக்கில் ஆகாது, அந்த அதிர்வுக்கு ஒரு மாதம்கூடத் தாங்காது. வயர் நுனியில் லக் (உலோக முனை) போட்டு அமுக்கி, மேலே சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஐஸ்கிரீம் வேனில் டெம்பரேச்சர் சென்சாரை ஜிபிஎஸ் பெட்டியோடு சேர்த்திருக்கிறோம். நாள் முழுக்க மைனஸ் 18 காட்டிக்கொண்டிருக்கும், திடீரென்று 85 டிகிரி! அடுத்த நிமிஷம் திரும்ப மைனஸ் 18. சென்சாரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். சரியாக 85 என்று வந்தால் உங்களுடையது அநேகமாக டிஎஸ்18பி20 வகை சென்சாராகத்தான் இருக்கும். கரண்ட் வந்தவுடன், முதல் அளவு எடுப்பதற்கு முன் அதன் நினைவில் இருக்கும் எண் அதுதான். அளவெடுக்க முக்கால் நொடி வரை ஆகும், அதற்குள் பெட்டி படித்துவிட்டால் 85. அதாவது ஓடும்போது நடுவில் சென்சாருக்குக் கரண்ட் ஒரு கணம் விட்டுப் போகிறது. முதலில் கதவுக் கீல் பக்கம் வயர் மடங்கும் இடத்தைப் பாருங்கள், தினம் ஐம்பது தடவை திறந்து மூடினால் உள்ளே செம்பு அறுந்து மேல் ரப்பர் மட்டும் முழுசாக இருக்கும். அங்கே நன்றாக இருந்தால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், குளிர்ப் பெட்டிக்குள் வியர்த்த தண்ணீர் அதில் இறங்கிப் பச்சை பூத்திருக்கும்.